பிடுங்கினது எப்படி இருந்தது

"டீச்சர், எனக்கு ஒரு பொண்ணு வேணுங்க."

லூர்து டீச்சர் வாளித் தண்ணீரில் பாசி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்த வயசுலயாண்ணா?"

"ஐயோ, செடியைச் சொல்றேனுங்க!"

அங்கப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவர். காது நுனி வரைக்கும் சிவந்துபோனார். டீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பாசியை மட்டும் இன்னொரு தடவை பிழிந்தார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தால் அப்படித்தான்.

டீச்சர் அவரைவிட நன்றாக இளையவர். ஒரு காலத்தில் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டுச் சரிவில் கண்ணாடிக் குடில் போட்டுக் குடுவைச்செடி வளர்க்கிறார்.

குடுவைச்செடி தெரியுமில்லையா? இலை நுனியில் குடுவை தொங்கும். குடுவைக்கு மூடி உண்டு, வாய் உண்டு, வாயில் வழவழவென்று ஓர் உதடு உண்டு. உதட்டில் தேன் ஊறும். தேனுக்கு ஆசைப்பட்டு வந்த பூச்சி வழுக்கி உள்ளே விழுந்தால் செடிக்கு அன்றைக்கு விருந்து. அப்பேர்ப்பட்ட செடிகளில் ஒரு தேசத்து வகையையும் இன்னொரு தேசத்து வகையையும் சேர்த்து விதை எடுக்கிற வித்தை அந்தப் பக்கத்தில் டீச்சர் ஒருவருக்குத்தான் கைவந்தது. கற்றுக்கொள்ள வந்தவர் அங்கப்பன். சீடன் நரைத்த தலை, குரு கருத்த தலை. மலையில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

"பொண்ணு எதுக்கு?"

"பேர் வைக்கத்தானுங்க."

"மாடி நிறைய செடி இருக்கே. அதுல ஒண்ணுக்கு வைக்கிறது."

"எல்லாம் ஆணுங்க டீச்சர். ஆண் செடிக்கு மக பேரை எப்படிங்க வைக்கிறது?"

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

*

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடுவைச்செடி நம்ம பனை மாதிரி. ஆண் தனி, பெண் தனி. இலையைப் பார்த்தோ குடுவையைப் பார்த்தோ சொல்ல முடியாது. பூத்தால்தான் தெரியும். பூப்பதற்கு வருஷக்கணக்காகும். அதுவரை எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அங்கப்பனிடம் போர்னியோ வகையில் ஒரு பெண் செடி இருந்தது. பச்சைக் குடுவை, நல்ல தொப்பை. சுமத்ரா வகையில் ஓர் ஆண் இருந்தது. ஒல்லிக் குடுவை, நாவல்பழ நிறம். இதன் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் தொட்டு அதன் பூவில் வைத்தார். தொப்பையும் நாவல்பழ நிறமும் ஒரே செடியில் வர வேண்டும் என்பது அவர் ஆசை.

காய் பிடித்தது. காய் வெடித்து விதை கொட்டியது. தலைமயிரைத் துணுக்குத் துணுக்காக நறுக்கின மாதிரி விதை. மூச்சு விட்டால் பறந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஈரப்பாசி மேல் தூவினார். மண்ணில் புதைக்கக் கூடாது, சும்மா தூவி வைத்தால் போதும். முளைத்தது பாருங்கள், தட்டு கொள்ளாமல்! ஒவ்வொரு நாற்றிலும் எறும்பு தண்ணீர் குடிக்கச் சொம்பு வைத்த மாதிரி குட்டிக் குட்டியாய்க் குடுவை.

அங்கேதான் பிடித்தது வினை.

பட்டறையில் அங்கப்பனுக்கு ஒரு பழக்கம். முடிந்து வந்த கொலுசைச் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் தூக்கிப் பார்ப்பார். வளையம் கோணலா? மூசையில் போடு. ஒட்டு வெளியே தெரிகிறதா? மூசையில் போடு. மூசை என்றால் வெள்ளி உருக்குகிற மண்கிண்ணம். இரண்டாவது தடவை பார்க்கிற வழக்கமே கிடையாது. வெள்ளிக்கு என்ன நஷ்டம்? உருகும், மறுபடியும் கொலுசாகும். "எங்கிட்ட குத்தம் நிக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அதே சாமணம். அதே கை. நாற்றில் சிவப்பு ஏறாததை எல்லாம் பிடுங்கி வாளியில் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சிவந்த நாற்று ஒரு கைப்பிடி மிஞ்சியது. கண்ணில் வைத்து வளர்த்தார். குடுவை ஒவ்வொன்றும் அவர் கேட்ட தொப்பை, அவர் கேட்ட நிறம். வந்து பார்த்தவர்கள் எல்லாம் வாய் பிளந்தார்கள்.

இந்த வருஷம் எல்லாம் பூத்தன. எல்லாம் ஆண்.

சரி, தாய்ச்செடியில் இன்னொரு தடவை காய் பிடிக்க வைக்கலாமே என்றால் தாயும் இல்லை. மழைத்தண்ணீர் தீர்ந்துபோன ஒரு கோடையில், கொஞ்ச நாளைக்குத்தானே என்று போர்த்தண்ணீரை ஊற்றிவிட்டார். சேலத்துப் போர்த்தண்ணீர், கேட்க வேண்டுமா? உப்பு இந்தச் செடிக்கு ஆகாது. வேர் வரைக்கும் கருகிப் போய்விட்டது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான் அங்கப்பன் கதை.

*

"மகளா? இத்தனை வருஷமா வந்துட்டுப் போறீங்க. மகன்னு ஒரு வார்த்தை வாயில வந்ததில்லையே" என்றார் டீச்சர்.

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு."

"பேரு?"

"சுகந்தி."

"எங்க இருக்காங்க?"

"ஆத்தூர்லங்க."

"இந்தா இருக்கிற ஆத்தூரா? பஸ் ஏறினா போயிடலாமே."

"ஏறலீங்க."

டீச்சர் பாசியைத் தட்டில் பரப்பினார். ஓரத்தில் இருந்த குச்சியைப் பொறுக்கிப் போட்டார். விதை முளைக்கக் காத்திருக்கிறவருக்கு ஒரு வார்த்தை முளைக்கக் காத்திருப்பதா கஷ்டம்?

"வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டாளுங்க. நான் தலைமுழுகிட்டேன்."

"போர்னியோவையும் சுமத்ராவையும் சேர்த்து வெச்சது யாரு?"

"நான்தானுங்க."

"சரி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அங்கப்பனுக்கு.

"அவங்கம்மா இருந்திருந்தா ஏதாவது சொல்லித் திருத்தியிருப்பா. சுகந்தி காலேஜ் படிக்கறப்பவே அவ போய்ச் சேர்ந்துட்டா. வீட்டுல எதுத்துப் பேச ஆளில்லை. நான் வெச்சதே சட்டம். சுகந்தி பேச்சை எடுக்காதேன்னேன். சொந்தக்காரன் ஒருத்தனும் எடுக்கல. இப்ப..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப பார்க்கணும் போல இருக்குதுங்க டீச்சர். வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கறது? 'உன் பேர்ல ஒரு செடி உண்டாக்கியிருக்கேன் கண்ணு, உலகத்துல வேற எங்கயும் இல்லை'ன்னு கொண்டுபோய்க் கொடுத்தா மனசு இறங்க மாட்டாளா? அதுக்குத்தான் ஒரு பொண்ணு. உங்ககிட்ட இருக்கறதுல ஒண்ணைக் கொடுத்துருங்க. கால்ல வேணாலும் விழறேன்."

பெத்த மனம் பித்து என்பார்கள். இவருக்குப் பித்துப் பிடிக்கவே பத்து வருஷம் பிடித்திருக்கிறது.

டீச்சர் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"நாத்துப் பிடுங்கினீங்களே. அது எப்படி இருந்துச்சு?"

"பச்சையா இருந்துச்சுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாந்தானுங்க."

"ஒண்ணைச் சொல்லுங்க. ஒரே ஒரு நாத்து. மூடி எப்படி? உதடு எப்படி? இலை எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?"

அங்கப்பன் விரலால் காற்றில் ஒரு மூடி வரைந்து பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார்.

"தெரிஞ்சதும் வாங்க. பொண்ணு தர்றேன்."

*

வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன அநியாயம் இது! பிடுங்கிப் போட்டு எத்தனை காலம் ஆயிற்று? குப்பைக்குப் போனதை எந்தப் பைத்தியக்காரன் உட்கார்ந்து பார்ப்பான்?

ஆனால் அங்கப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. வியாபாரி. அடுத்த வாரமே மலையேறினார்.

"ஞாபகம் வந்துருச்சுங்க டீச்சர். மூடி வட்டமா இருந்துச்சு. உதடு மெலிசு. இலை வலப்பக்கமா சாஞ்சு, நுனி மட்டும் கொஞ்சம் சுருண்டு..."

"மாடியில இருக்கறதைப் பார்த்துட்டு வந்து சொல்றீங்க."

அங்கப்பன் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினார்.

மறுபடி போனபோது வேறு பாட்டு.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா இருந்துச்சுங்க."

"இது புஸ்தகத்துல படிச்சது."

மூன்றாவது தடவை மழை. நனைந்துகொண்டே வந்தார். குடில் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"டீச்சர், நான் அதைப் பார்க்கவே இல்லீங்க. சிவப்பு இருக்கான்னு பார்த்தேன். இல்லைன்னு தெரிஞ்சதும் பிடுங்கினேன். அதுக்கு மேல ஒண்ணையும் பார்க்கல."

"உள்ள வாங்க" என்றார் டீச்சர்.

குடிலின் மூலையில் ஒரு பழைய கொடி கூரை வரைக்கும் ஏறியிருந்தது. டீச்சர் அதன் உச்சியைக் காட்டினார். அங்கே தொங்கின குடுவைகள் கருஞ்சிவப்பு. அங்கப்பன் வாழ்நாளில் அப்படி ஒரு நிறம் பார்த்ததில்லை.

"அடேயப்பா! என்னங்க இது?"

"கீழ பாருங்க."

குனிந்து பார்த்தார். அடித்தூரில், அந்தக் கொடி சின்னதாக இருந்தபோது விட்ட குடுவைகளில் ஒன்றிரண்டு காய்ந்தும் காயாமலும் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் வெறும் பச்சை.

அங்கப்பன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, வாளி, ஆறாத காபி எல்லாம் கண்முன்னால் வந்தன. வாளிக்குள் இருந்தது மட்டும் வரவில்லை.

*

டீச்சர் உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்தார். பாசி மேல் அப்போதுதான் முளைத்த நாற்று. ஒரே காயின் விதை.

"இதுல எது பொண்ணு?"

அங்கப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"தெரியலீங்க."

"எனக்கும் தெரியாது."

பிறகு கையை நீட்டினார்.

"சாமணம்?"

அது அங்கப்பனின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கி, வாசலில் இருந்த மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குள் போட்டார். டொப்பென்று ஒரு சத்தம்.

"ஐயையோ! எங்கப்பாரு காலத்துச் சாமணமுங்க அது!"

"பீப்பா வத்தினா எடுத்துக்கலாம்."

அந்தப் பீப்பாய் வற்றி மலையில் யாரும் பார்த்ததில்லை.

டீச்சர் நாற்றுத்தட்டை அவர் கையில் வைத்தார்.

"ஒண்ணையும் பிடுங்காம வளர்த்துட்டு வாங்க."

"எது வரைக்குமுங்க?"

டீச்சர் பாசி அலசப் போய்விட்டார்.

*

மாடியில் பச்சை வலைக்குக் கீழே தட்டை வைத்தார். மழை பெய்தால் வீட்டிலிருக்கிற அண்டா குண்டா எல்லாம் மொட்டைமாடிக்கு வந்துவிடும். போர்த்தண்ணீர்க் குழாயைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தார். பட்ட பிறகு வந்த புத்தி.

முதலில் எல்லா நாற்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. நாள் போகப் போக ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டியது. ஒன்றுக்கு மூடி கோணல். ஒன்றுக்கு இலையெல்லாம் பூனைமயிர். ஒன்று கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்த மாதிரி குடுவை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை "என்ன சாமி, இன்னும் கோவமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பார்.

கோணல் மூடியைப் பார்க்கிறபோது மட்டும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பை காலி. கை திரும்பி வரும்.

ஒன்று மட்டும் குடுவையே வைக்கவில்லை. மற்றதெல்லாம் வளர, அது பிறந்த மேனிக்கு அப்படியே இருந்தது. அங்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. டீச்சரிடம் போய் முறையிட்டார்.

"ஒண்ணு உருப்படாதுங்க டீச்சர். மத்ததுக்கும் இடைஞ்சல்."

"மத்தியானச் சாப்பாடு எங்க சாப்பிடுவீங்க?"

"பட்டறையிலங்க."

"இனிமே அது பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க."

இதென்ன வைத்தியம் என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்குப்போசியோடு மாடியேறினார். தயிர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும். செடி அவரைப் பார்த்தது, அவர் செடியைப் பார்த்தார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே.

பட்டறையில் ஆட்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். முதலாளி கொலுசை விரலாலேயே தூக்குகிறார். ஒரு தடவை பார்க்கிறார். திருப்பி இன்னொரு தடவை பார்க்கிறார். "கண்ணுல புரை விழுந்துருச்சோ என்னமோ" என்றான் ஒருவன்.

*

ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வந்தது. அடைமழை. ஈரம் காயாத ஒரு வாரத்தில் நாற்று ஒன்று பூஞ்சை பிடித்துச் செத்துப்போயிற்று. எது என்று சொல்ல வேண்டுமா? குடுவை வைக்காத அதுதான்.

அங்கப்பன் அதைத் தட்டோடு எடுத்துக்கொண்டு மலையேறினார்.

"போயிருச்சுங்க டீச்சர்."

"எது?"

"தட்டு ஓரத்துல இருந்ததுங்க. மூணே இலை. நடு இலை மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஓடியிருக்கும். இடப்பக்க இலை நுனியில ஒரு முடிச்சு வந்துச்சு. போன வாரந்தானுங்க வந்துச்சு. குடுவை வைக்கப் போகுதுன்னு நான் அன்னைக்குப் பட்டறைக்கே போகல. மூடி இன்னும் பிரியல. அந்த முடிச்சுல, ஊசி முனையளவு, இந்தப் பக்கமா ஒரு செகப்புப் புள்ளி. வெயில் சாஞ்சு வரப்பத்தான் தெரியும். நேரா வெயில் அடிச்சாத் தெரியாது. பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான்..."



டீச்சர் கையிலிருந்த பாசியைக் கீழே வைத்தார்.

அங்கப்பன் தட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினது அவர் குரல் மாதிரியே இல்லை.

"கட்டிக்கிட்டுப் போன மறு வருஷம் சுகந்தி பட்டறைக்கு வந்தாளுங்க. கைக்குழந்தையோட. வாசல்ல நின்னா. 'அப்பா, பாருங்கப்பா'ன்னா. மூசையில வெள்ளி கொதிச்சிட்டிருந்துச்சு. நான் மூசையையே பார்த்துட்டிருந்தேன். 'வேலை நேரத்துல வாசலை மறைக்காதே'ன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. போயிட்டா."

அங்கப்பன் தட்டைத் தரையில் வைத்தார்.

"குழந்தையைத் துண்டுல சுத்தியிருந்தா. துண்டு என்ன நிறம்ங்க டீச்சர்? கோடு போட்டதா, பூப் போட்டதா? எனக்குத் தெரியலீங்க. இந்தச் செடிக்கு இத்தனை சொல்றேன். அதுக்கு ஒரு துண்டு நிறம் சொல்ல முடியல எனக்கு."

அழுதார். பேரம் பேசியே பழகின மனுஷன், மூக்கைச் சிந்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். பூத்த செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தார். பெண் செடி. குடுவையெல்லாம் மின்னியது.

"தெரிஞ்சதும் தர்றேன்னு சொன்னேன். எடுத்துக்குங்க."

அங்கப்பன் அதை வெகுநேரம் பார்த்தார். கும்பிட்டார்.

"வேணாங்க டீச்சர். இதை வளர்த்தது நீங்க. எங்கிட்ட கோணல் மூடி ஒண்ணு இருக்குது. அதை எடுத்துட்டுப் போறேன்."

"மழைத்தண்ணிதான் ஊத்தணும். சொல்லிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

*

மச்சினரிடம் சுகந்தியின் விலாசம் கேட்டார். மச்சினர் "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தெருப்பெயரைச் சொன்னார். இவருக்கு மேற்கொண்டு எதையும் கேட்க வாய் வரவில்லை.

ஆத்தூர் பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து ஆள் "என்னங்க, கத்திரி நாத்தா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

கதவைச் சுகந்திதான் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது. மகளுக்கு நரை!

வாங்க என்று சொல்லவில்லை அவள். தொட்டியைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"குடுவைச்செடி கண்ணு. நான் வளர்த்தது."

"இதுக்குப் பேரு இருக்கா?"

"உன் பேரை வைக்கலாம்னு இருந்தேன். இன்னும் வைக்கல. ஆணா பொண்ணான்னு தெரியலையே."

"எப்பத் தெரியும்?"

"பூத்தாத்தான். இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"பிடுங்காம வெச்சுக்கணும்."

சுகந்தி தொட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. கோணலாகக் கிடந்த குட்டி மூடியை ஒரு விரலால் தொட்டாள். கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"செடிக்கு இவ்வளவு பொறுமையாப்பா?"

அப்பா என்றுவிட்டாள். அங்கப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அன்னைக்குப் பட்டறை வாசல்ல வந்து நின்னேன். என் கையில இருந்தது ஆணா, பொண்ணா?"

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று.

வியாபாரி மனசு பாருங்கள், அந்த நேரத்திலும் ஒரு கணக்குப் போட்டது. இரண்டில் ஒன்றுதானே? வாயில் வந்ததைச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி பலித்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

தொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியல கண்ணு. நான் பார்க்கவே இல்ல."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"அம்மா, யாரு வந்திருக்கா?"

பத்து வயதுக் குரல். அங்கப்பன் உயிரையெல்லாம் காதுக்குக் கொண்டுவந்து கேட்டார். அந்த வயதில் குரலை வைத்து என்ன தெரியும்?

சுகந்தி கதவைச் சாத்தவில்லை. முழுக்கத் திறக்கவும் இல்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியல. இரு, கேட்டுச் சொல்றேன்."